ரெண்டே வரி லெட்டர்!

ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும், கம்பெனிகளைவிடக் கம்பெனிப் பெயர்களுக்குத்தான் ஆயுசு கெட்டி. திருவொற்றியூர் பஸ்ஸில் "அஜாக்ஸ்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். அஜாக்ஸ் என்பது ஊரா, கோயிலா, தியாகி யாராவதா என்று வெளியூர்க்காரர் முழிப்பார். தீப்பெட்டி கம்பெனியின் பெயரைச் சுமக்கும் விம்கோ நகருக்கு 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலே வந்துவிட்டது. ஏ.சி. பெட்டியில் காதில் ஒயரோடு வந்து இறங்கும் காலேஜ் பெண்ணுக்கு, விம்கோ என்றால் தீக்குச்சி என்று யார் சொல்வது?

கம்பெனி மூடுவது இந்தப் பேட்டைக்காரனுக்கு மழை, வெயில் மாதிரி. பெரம்பூர் பி அண்ட் சி மில் போன நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில் சங்கு ஊத ஆரம்பித்தது, 1996-ல் அடங்கியது. 450 மெகாவாட் எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017 மார்ச் 31-ம் தேதி நிறுத்தினார்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறக்கக் கூடாது என்று 2011-ல் ஐகோர்ட் சொல்ல, தூசியும் போயிற்று, கூடவே அது கொடுத்த வேலையும் எண்ணூர் பக்கம் போயிற்று. (மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி வெள்ளையாகவே காய்ந்தது என்று ராயபுரத்து அம்மணிகள் சந்தோஷப்பட்டது தனிக் கதை.)

மூடுவதை விட மோசமான காலம் ஒன்று உண்டு. தேதி குறித்த பிறகு, அந்தத் தேதி வருகிற வரைக்கும் இருக்கிற காலம். கான்டீனில் சாம்பார் தண்ணியாகும். மாசம் தவறாமல் திட்டுகிற சூபர்வைசர் திடீரென்று வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பார். நோட்டீஸ் போர்டில் போன வருஷத்து ஆயுத பூஜை அறிவிப்பைக் கூட யாரும் கிழிக்க மாட்டார்கள். இந்த நேரம் பார்த்துத்தான் ஐயா, புது வேலை வரும்! ஆறு மாசம் அலைந்தபோது வராதது, செட்டில்மென்ட் கைக்கு வர ஆறு வாரம் இருக்கும்போது வந்து, 'உடனே சேர்' என்று கழுத்தில் கத்தி வைக்கும்.

2018-ல் எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு அப்படித்தான் வந்தது. டர்னர். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் கம்பெனியில் பதினேழு வருஷ சர்வீஸ். கம்பெனி பெயர் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். நானோ ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன். கப்பல் சரக்குக்கு லெட்டர் எழுதுகிறவனுக்கு எல்லா லெட்டரும் எழுதத் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு மூடநம்பிக்கை. ஸ்கூல் அட்மிஷன், கேஸ் கனெக்‌ஷன், மாமியார் மேல் போலீஸ் புகார் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும்.

"அண்ணே, பிப்ரவரி பதினஞ்சாந் தேதி ஒரகடத்துல சேரச் சொல்லிட்டான். முப்பத்தோராயிரம். லெட்டர் நானே எழுதிட்டேன். இங்கிலீஸ் கரெக்டா கீதான்னு மட்டும் பாரு" என்றார்.

இங்கிலீஷ் கரெக்டாகத்தான் இருந்தது. ரெண்டே வரி. சொந்தக் காரணங்களுக்காக வேலையை ராஜினாமா செய்கிறேன், ஏற்றுக்கொள்ளவும். நம் தேசத்தில் எழுதப்படும் லெட்டர்களில் முக்கால்வாசி இரண்டே ஜாதி. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' ஒன்று. 'சொந்தக் காரணங்களுக்காக' இன்னொன்று. இரண்டிலும் உண்மை கிடையாது. முதலாவதால் நஷ்டம் இல்லை.

"ஒப்பந்தக் காப்பி இருக்கா?" என்றேன்.

பான்ட் பாக்கெட்டிலிருந்து எட்டாக மடித்த ஜெராக்ஸ் வந்தது. சங்கமும் கம்பெனியும் போட்டது. மார்ச் 31-ம் தேதி உற்பத்தி நிறுத்தம். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 45 நாள் சம்பளம். யாருக்கு? அதுதான் நாலாவது பாராவில் சின்ன எழுத்தில் இருந்தது: கடைசி வேலை நாள் வரை பணியில் இருப்பவர்களுக்கு.

கால்குலேட்டரை எடுத்தேன். சம்பளம், பஞ்சப்படி சேர்த்து 26,000. 45 நாள் என்றால் 39,000. பதினேழு வருஷத்துக்கு 6,63,000 ரூபாய். ராஜினாமா என்ற வார்த்தைக்கு அவர் கொடுக்கவிருந்த விலை இது. பதினைந்தாம் தேதிக்கும் முப்பத்தொண்ணாம் தேதிக்கும் நடுவே இருப்பது 45 நாள். ஒரு நாளைக்கு 14,733 ரூபாய். ஊட்டியில் பெரிய ஓட்டலில் குடும்பத்தோடு ரூம் போட்டால்கூட இவ்வளவு ஆகாது!

"கிராஜுவிட்டி?" என்றார் எச்சில் விழுங்கி.

அது போகாது. ஐந்து வருஷம் முடித்தவன் ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி உண்டு. 26,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பதினேழால் பெருக்கினால் 2,55,000. பி.எஃப். அவருடைய சொந்தப் பணம். போவது இந்த ஆறு லட்சத்து அறுபத்து மூவாயிரம் மட்டும்தான். 'மட்டும்தான்' என்று நான் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இந்த இடத்தில் பல பேர் 'அப்போ புது வேலையை விட்டுடு, பேசாமல் 31 வரைக்கும் உட்காரு' என்று அட்வைஸ் கொடுத்துவிட்டு டீக்குக் காசு கொடுக்காமல் நழுவிவிடுவார்கள். நான் அதைச் சொல்லவில்லை. ஏனென்றால் இன்னொரு கணக்கும் இருந்தது. அவருக்கு வயது நாற்பத்து மூன்று. கம்ப்யூட்டரில் ஓடும் லேத் வந்த பிறகு, கையால் லேத் பிடித்தவனைக் கூப்பிட்டு முப்பத்தோராயிரம் கொடுக்க வரிசையில் யாரும் நிற்கவில்லை. அந்த வேலை நழுவி, இரண்டு வருஷம் சும்மா உட்கார நேர்ந்தால் போவது 7,44,000. ஆறேமுக்கால் லட்சத்துக்கு ஆசைப்பட்டு ஏழரை லட்சத்தை விட்ட கதை ஆகிவிடும். செட்டில்மென்ட் பணம் ஒரு தடவை வரும். சம்பளம் மாசாமாசம் வரும். பெண்ணுக்கு ப்ளஸ் டூ பரீட்சை வேறு மார்ச்சில்.

அவரே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். "லீவு அறுவது நாள் கெடக்குது அண்ணே. இங்க லீவு போட்டுட்டு அங்க சேந்துட்டா?"

பழைய காலமாக இருந்தால் நானும் யோசித்திருப்பேன். 2014-லிருந்து பி.எஃப்.புக்கு ஆளுக்கொரு நிரந்தர எண் வந்துவிட்டது. எத்தனை கம்பெனி மாறினாலும் அதே எண். ஒரே மாசத்தில் இரண்டு கம்பெனி பணம் கட்டினால் வெட்டவெளிச்சமாகிவிடும். இங்கே லீவில் இருந்துகொண்டு அங்கே வேலை செய்தது தெரிந்தால் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பார்கள். செட்டில்மென்டைப் பிடித்து வைக்க ஒரு காரணத்தை நாமே தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. அங்கே புதுக் கம்பெனியிலும் முதல் மாசமே பெயர் கெட்டுவிடும்.

*

தேரடி டீக்கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். முப்பது வருஷம் சங்கத்தில் இருந்தவர். 'பன்னிரண்டு மூணு' என்று அவர் சொல்வது ஏதோ திருக்குறள் எண் மாதிரி இருக்கும். பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவு. தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் போடும் ஒப்பந்தம் அது. சங்கத்தில் இல்லாத தொழிலாளியையும் கட்டும். ஜெராக்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, டர்னரைப் பார்க்காமல் டீயைப் பார்த்துச் சொன்னார்:

"ராஜினாமான்னு எழுதுனா நீ போறே. ஒப்பந்தத்துல போனா அவன் அனுப்புறான். நீயா போறவனுக்கு எவன் காசு குடுப்பான்?"

சட்டப் புத்தகம் முழுக்கத் தேடினாலும் இதைவிடச் சுருக்கமாகக் கிடைக்காது. ஆட்குறைப்புக்கு நஷ்டஈடு என்பது முதலாளி அனுப்புகிற ஆளுக்கு. குறைந்தபட்சம் வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் என்று 1953-ல் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21-ம் தேதி பழைய சட்டம் போய், 2020-ல் பாஸான தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. அதிலும் அதே 15 நாள்தான். எழுபது வருஷத்தில் தங்கம் எங்கேயோ போய்விட்டது, இந்தப் பதினைந்து நகரவில்லை! மறுபடி தொழில் கற்றுக்கொள்ள என்று ஒரே தடவையாக இன்னொரு 15 நாள் சம்பளத்தை மட்டும் புதுசாகச் சேர்த்திருக்கிறார்கள். இதற்கு மேல் வாங்குவதெல்லாம் பேசி வாங்குவதுதான். ஆகவே ஒப்பந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேதம்.

ராஜினாமா என்ற வார்த்தையின் பவர் தெரியாமல் எழுதிக் கொடுத்தவர்கள் நிறைய. டெல்லி மின்சார நிறுவனத்தில் பியூனாக இருந்தவர் ஒருவர் கிட்டத்தட்ட இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு 1990-ல் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். பிறகு பென்ஷன் கேட்டார். விருப்ப ஓய்வு என்று எடுத்துக்கொண்டு கொடுங்கள் என்றது ஐகோர்ட். 2019 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. ராஜினாமா செய்தால் அதுவரை செய்த சர்வீஸ் பென்ஷனுக்குக் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டது. இருபத்தொன்பது வருஷம் கழித்து ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தது.

சீமையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1996-ம் வருஷத்து வேலை உரிமைச் சட்டப்படி, முதலாளி ஆட்குறைப்பு நோட்டீஸ் கொடுத்து அது ஓடிக்கொண்டிருக்கும்போது, தொழிலாளி 'நான் முன்னாலேயே கிளம்புகிறேன்' என்று எதிர் நோட்டீஸ் எழுதிக் கொடுக்கலாம். பணம் தானாகப் போய்விடாது. கண்டபோது எழுத முடியாது. சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய நோட்டீஸ் காலத்துக்குள் எழுத வேண்டும். முதலாளிக்கு ஆட்சேபம் இருந்தால் அவரும் எழுத்தில் சொல்ல வேண்டும். சண்டையானால் ட்ரிப்யூனல் இரண்டு பக்கத்து நியாயத்தையும் பார்த்து முழுசாகவோ கொஞ்சமாகவோ கொடுக்கச் சொல்லும். புது வேலை கிடைத்தவனைத் தண்டிக்கக் கூடாது என்ற எண்ணம். நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. நாமே லெட்டரில் உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய இடங்களிலும் இந்த நடு இடைவெளி ஆளைக் கொல்லும். மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையை மூடப் போவதாக அறிவித்தது 2021 செப்டம்பர் 9. கடைசி கார் வெளியே வந்தது 2022 ஜூலையில். வருஷத்துக்குச் சராசரியாக 130 நாள் சம்பளம் என்று செட்டில்மென்ட் முடிவானது அதற்கும் பிறகு. அந்த ஒரு வருஷமும், கையில் இன்னொரு கம்பெனியின் ஆர்டரை வைத்துக்கொண்டு, தொகை என்னவென்றே தெரியாமல் ராத்திரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது எப்படி இருக்கும்! (2024-ல் ஃபோர்டு, திரும்ப வருகிறேன் என்றது. கம்பெனிகளுக்கு அந்த சௌகரியம் உண்டு.)

*

பெரியவர் டர்னரிடம் இரண்டு கேள்வி கேட்டார்.

"உன் மெஷின வித்துட்டானா?"

"பேசி முடிச்சிட்டாங்க. கோயமுத்தூர் பார்ட்டி. மார்ச் முதல் வாரம் தூக்கிடுவான்."

"அப்புறம் நீ இன்னா பண்ணப்போறே, மெஷின் இருந்த எடத்தைப் பெருக்குவியா?"

அதுதான் பிடி. லேத் போன பிறகு டர்னரை வைத்துக்கொண்டு சம்பளம் கொடுப்பதில் கம்பெனிக்கு லாபம் இல்லை. ஆனால் பிப்ரவரி பதினைந்துக்கு விடச் சொன்னால் விடமாட்டார்கள். அதுவரை எடுத்த ஆர்டர் பாக்கி இருக்கிறது. ராஜினாமா கொடுத்தாலோ சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார்கள். ஆறு லட்சம் மிச்சம். ஆகவே கம்பெனிக்கு எந்தத் தேதி சௌகரியமோ அந்தத் தேதியைக் கேட்க வேண்டும். ஒரகடத்தில் அந்தத் தேதி வரை தவணை கேட்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில்.

அன்று ராத்திரி என் வீட்டுத் திண்ணையில் லெட்டர் தயாரானது. ராஜினாமா என்ற சொல்லே இல்லை. சொந்தக் காரணமும் இல்லை. இன்ன தேதி ஒப்பந்தத்தின் கீழ் எனக்குச் சேர வேண்டிய அனைத்துத் தொகைகளுக்கும் பாதகமில்லாமல், அதே ஒப்பந்தத்தின்படியே, மார்ச் 31-க்குப் பதிலாக மார்ச் 10-ம் தேதி என்னை விடுவிக்கும்படி கோருகிறேன். மார்ச் 10 வரைக்குமான ஆர்டர் வேலையை முடித்துக் கொடுப்பேன். நிர்வாகம் சம்மதிக்கும் பட்சத்தில் எழுத்து மூலம் தெரிவிக்கவும். சம்மதிக்காத பட்சத்தில் இந்தக் கடிதம் இல்லாததாகக் கருதப்பட வேண்டும். கடைசி வரி பெரியவருடையது. சம்மதம் இல்லையென்றால் லெட்டரே செத்துவிடும், ஆள் பிழைத்துவிடுவான்.

டைம் ஆபீஸில் கொடுத்து நகலில் சீல் வாங்கச் சொன்னேன். வாங்குவதற்கு இரண்டு நாள் ஆனது. பர்சனல் ஆபீசர், "பார்க்கலாம்பா, ஒண்ணும் பிரச்னை இருக்காது, நீ போய் அங்கே சேர்ந்துடு, நாங்க பார்த்துக்கறோம்" என்று தோளில் தட்டினாராம். நல்ல மனுஷர்தான். ஆனால் ஏப்ரலில் அவரே அங்கே இருக்கப்போவதில்லை! தோளில் தட்டியதற்கு ரசீது கிடையாது. எழுத்தில் வரும்வரை லேத்தை விட்டு அசையாதே என்றேன்.

ஒரகடத்துக்காரர்கள் முதலில் முடியாது என்றார்கள். நம்மாள் ஒப்பந்த ஜெராக்ஸை நேரில் கொண்டுபோய்க் காட்டினார். மேனேஜருக்கு ஆறு லட்சம் என்ற எண் புரிந்தது. மார்ச் 12 திங்கள்கிழமை, அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார். இங்கே பதில் வரவில்லை. பிப்ரவரி கடைசியில் எங்கள் டர்னருக்கு மூன்று கிலோ குறைந்தது. வீட்டில் அந்த அம்மாள் வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொண்டார். மார்ச் 6-ம் தேதி, கோயமுத்தூர் லாரி கேட்டுக்குள் நுழைந்த மறுநாள், சம்மதக் கடிதம் கைக்கு வந்தது. 10-ம் தேதி ரிலீவிங் ஆர்டர். ஒப்பந்தப்படி விடுவிக்கப்பட்டார் என்று தெளிவாக இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டச் சொல்லி அவர் மூன்று தடவை கேட்டார்.

*

இதே கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் ஒரு பையன். அவன் கதை நேர்மாறு. சர்வீஸ் நாலரை வருஷம், சம்பளம் 18,000. ஒப்பந்தப்படி அவனுக்கு வருவது 1,08,000. ஸ்ரீபெரும்புதூரில் 26,000-க்கு வேலை, ஒரு நாளும் காத்திருக்க மாட்டோம் என்றார்கள். மாசம் எட்டாயிரம் கூட. விட்ட பணம் ஒரு வருஷத்துச் சொச்சத்தில் திரும்பிவிடும், வயசும் இருபத்தாறு. போ என்றுதான் நானும் சொன்னேன். வயசையும் சர்வீஸையும் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அட்வைஸ் கொடுக்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஆனால் அவனையும் டைம் ஆபீஸில் நாள் எண்ணிவிட்டு வரச் சொன்னேன். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1998-ல் நம் சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில், நாலு வருஷம் முடித்து ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் ஆகியிருந்தால் போதும் என்று தீர்ப்பு சொன்னது. பையனுக்கு 240-க்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி! ஸ்ரீபெரும்புதூரில் அம்மை போட்டிருக்கிறது என்று அவனாக ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டான் (அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை). கிராஜுவிட்டி 51,923 ரூபாய் வந்தது. முதல் கேள்விக்கு கம்பெனி இல்லை என்றது. தீர்ப்பின் பெயரை எழுதிய லெட்டருக்குப் பிறகு பேச்சில்லாமல் கொடுத்தது.

நம் டர்னருக்கு ஏப்ரலில் 6,63,000-மும் கிராஜுவிட்டியும் வந்து சேர்ந்தன. ஆனால் மார்ச் மாசம் முழுக்க வந்தவர்களுக்குத் தனியாக 15,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று ஒரு பாரா ஒப்பந்தத்தில் இருந்தது. அது அவருக்கு வரவில்லை. மெஷினே இல்லாத ஷாப்பில் இருபது நாள் சீட்டு ஆடிய பத்துப் பேர் அதை வாங்கினார்கள். இந்த வருத்தம் அவருக்கு இன்னும் போகவில்லை. அதற்கும் ஒரு லெட்டர் எழுத முடியுமா என்று போன வாரம்கூடக் கேட்டார்.